லேத் பட்டறையிலிருந்து வலைத்தளம் வரை

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆவடியைக் கடந்தால் சேக்காடு. அதனை அடுத்துப் பட்டாபிராம். ஆவடிப் பக்கம் படைத்துறைத் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள். பட்டாபிராம் பக்கம், 2024 நவம்பரில் திறக்கப்பட்ட, 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா. இடையே, கல்லூரி ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ‘இந்து கல்லூரி’ இரயில் நிலையம். மதிலுக்கும் மாடிக் கட்டடத்திற்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆயினும், இரும்பை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கணினியை நம்பி வாழத் தலைப்பட்ட வரலாறு இச்சிறு நிலப்பரப்பிற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் இப்பகுதியில் இல்லந்தோறும் ஒரு கேள்வி எழுகிறது. “கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்கலாமா? வெப் டெவலப்மென்ட் படித்தால் உடனே வேலை என்கிறார்களே, உண்மையா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்பவர்களில் பலர் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அல்லது அத்தகையோரின் பிள்ளைகள். சேமித்த பணத்தையோ, அடகு வைத்த நகையையோ நம்பிப் பிள்ளையைச் சேர்க்கத் துணிகின்றனர். இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. ஆனால் வரலாற்றைக் கேட்டால் அது சில தெளிவுகளைத் தருகிறது. வலைத்தளம் அமைக்கும் தொழில் எங்கிருந்து வந்தது, கல்லூரிக்குள் எப்படி நுழைந்தது, கற்றவர்களை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை நாம் சற்று ஆற அமர எண்ணிப் பார்ப்போம்.

இரும்பு சோறிட்ட காலம்

அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த இப்பகுதி தொழில் நிலமாக மாறிய வரலாற்றில் இவை இரண்டும் முதன்மையான கட்டங்கள். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் விரிந்தது.

அதே 1961-இல் நாடாளுமன்றம் தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றியது என்பதை நாம் மறத்தலாகாது. அச்சட்டம் நிறுவனங்களுக்கு ஒரு கடமையை விதித்தது. தொழில் கற்க வரும் இளைஞரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மூத்த தொழிலாளியின் அருகிலிருந்து பழகச் செய்ய வேண்டும், பயிலும் காலத்திற்கு உதவித்தொகை தர வேண்டும் என்பதே அக்கடமை. பிட்டர், டர்னர், வெல்டர் என்னும் பட்டங்கள் சேக்காட்டிலும் பட்டாபிராமிலும் ஒரு குடும்பத்தின் மதிப்பைக் குறிக்கும் சொற்களாயின. பதினெட்டு வயதில் லேத் பிடிக்கக் கற்றவர் ஐம்பத்தெட்டு வயது வரை அதே கைத்திறனைக் கொண்டு வாழ முடிந்தது. ஓய்வுக்குப் பின் ஓய்வூதியமும் இருந்தது.

இந்த உறுதிப்பாடு மெல்ல மெல்லத் தளர்ந்தது. கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரங்கள் பட்டறைகளுக்குள் வந்தன. மைய அரசுப் பணியில் 2004 சனவரி 1-க்குப் பின் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதிய முறை நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபர் 1 அன்று படைத்துறைத் தொழிற்சாலைகள் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. அம்பத்தூர்ப் பேட்டையில் இயந்திர ஒலி கேட்ட மனைகள் சிலவற்றில் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. தந்தையின் தொழில் மகனுக்கு இல்லை என்பது தெளிவான வேளையில்தான் கணினிப் படிப்பு நம் தெருக்களுக்குள் வந்து சேர்ந்தது.

வலை பிறந்த விதம்

இணையமும் வலையும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இணையம் என்பது உலகின் கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சாலை. வலை என்பது அச்சாலையில் ஓடும் பல வண்டிகளுள் ஒன்று. ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்னும் அணு ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், 1989 மார்ச்சில் இதற்கான திட்டத்தை எழுதி மேலதிகாரியிடம் அளித்தார். 1991-இல் முதல் வலைத்தளம் வெளியுலகின் பார்வைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு, வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. உரிமைத்தொகை கேட்டிருந்தால் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு, ஊர்ப் பொதுக் குளத்தைப் போல எல்லாருக்கும் உரியதாயிற்று. நம் கட்டுரைக்கு இந்நிகழ்ச்சி மிகவும் முக்கியமானது. பின்னர் மீண்டும் இதனைக் காண்போம்.

வலைப்பக்கம் எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். இதில் எம் என்னும் எழுத்து, அச்சுத் தொழிலிலிருந்து வந்த ஒரு சொல்லைக் குறிக்கிறது. கையெழுத்துப் படியில் ‘இது தலைப்பு, இது தடித்த எழுத்து, இங்கே புதிய பத்தி’ எனப் பதிப்பாசிரியர் ஓரத்தில் இடும் குறிகளே அச்சுக் கோப்பவருக்கு வழிகாட்டின. அதே குறியிடும் வேலையைத்தான் எச்.டி.எம்.எல். கணினிக்காகச் செய்கிறது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான நாள் முதல், எழுத்துக் கோக்கும் தொழிலோடு நம் திருச்சபைக்கு நீண்ட உறவு உண்டு. அவ்வகையில் வலைத்தளம் அமைப்போரை அச்சுக் கோத்தவர்களின் வழித்தோன்றல்கள் என நாம் கொள்ளலாம்.

ஒரு பக்கத்திற்கு எலும்பாக அமைவது எச்.டி.எம்.எல். அதற்கு நிறமும் உடையும் தருவது சி.எஸ்.எஸ்.; இதன் முதல் வரையறை 1996-இல் வெளியானது. பொத்தானை அழுத்தினால் அசைவும் மறுமொழியும் தருவது ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-இல் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இம்மூன்றும் பயனரின் கண்முன் நிகழ்பவை. நாம் மின்கட்டணம் செலுத்தும்போதோ, தேர்வு முடிவைப் பார்க்கும்போதோ, தொலைவில் ஒரு கணினி நம் எண்ணைப் பெற்று, தரவுக் களஞ்சியத்தில் தேடி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. அது கண்ணுக்குத் தெரியாத பின்பக்கப் பணி. வலைத்தளத் தொழிலின் இருபெரும் பிரிவுகள் இவையே.

தமிழ் வலையேறிய கதை

இந்தியப் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். நிறுவனம் இணைய இணைப்பை 1995 ஆகஸ்டு 15 அன்று வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் இணைப்புப் பெற்ற பெருநகரங்களில் நம் சென்னையும் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் வெளியான கவிதை வலைத்தளம் ஒன்றில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. இதன் பின்னணியில் உழைத்தவர் நா. கோவிந்தசாமி என்னும் எழுத்தாளர், ஆசிரியர். ‘இணையம்’ என்ற சொல்லைத் தமிழுக்கு வழங்கியவர் எனப் போற்றப்படும் இவர் 1999-இல் மறைந்தார். அதே 1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று வத்திக்கானின் வலைத்தளமும் தொடங்கப்பட்டது.

அந்நாளில் தமிழ் வலைத்தளம் ஒன்றைப் படிப்பது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதனைத் தனியே இறக்கிக்கொள்ளாதவர் திரையில் கண்டது பொருளற்ற குறிகளின் குவியல். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தன்னார்வலர்களைத் திரட்டி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்கள் கட்டணமின்றி உலகெங்கும் கிடைத்தன. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1991-லேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010 சூனில் ஏற்றது. அதன்பின் படிப்படியாக எழுத்துருக் குழப்பம் தீர்ந்தது. இப்பணிகளைச் செய்தவர்களுள் ஒருவர் எழுத்தாளர், மற்றொருவர் வேதியியலாளர். கணினிப் பட்டம் பெறாதோரும் தமிழ் வலைக்கு அடித்தளமிட்டனர் என்பது நம் மாணவர் நினைவில் இருத்தற்குரியது.

கல்லூரிக்குள் நுழைந்த வழி

கணினிக் கல்வி பல்கலைக்கழகத்தின் வழியாக மட்டும் நம்மிடம் வரவில்லை. என்.ஐ.ஐ.டி. 1981-லும் ஆப்டெக் 1986-லும் தொடங்கின. அவற்றைப் பார்த்து 1990-களில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக் கடைவீதிகளில் மாடியறைக் கணினி மையங்கள் பெருகின. 1984-இல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் வாயில் திறந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆவடியைச் சுற்றியும் அத்தகைய கல்லூரிகள் எழுந்தன. கலை, அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் பி.சி.ஏ.வும் வணிகவியலுக்கு நிகராக மாணவரை ஈர்த்தன. 1997-இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. 2000 சூலையில் தரமணியில் முதல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

அவ்வேளையில் நிகழ்ந்த இரு திருப்பங்கள் நமக்குப் பாடமாக அமைகின்றன. முதலாவது, 2000-ஆம் ஆண்டுச் சிக்கல். ஆண்டினை இரண்டே இலக்கங்களில் குறித்து வைத்திருந்த பழைய நிரல்கள் புத்தாண்டில் தடுமாறும் என உலகம் அஞ்சியது. அவற்றைத் திருத்தக் கோபால் மொழி அறிந்தோர் பெருமளவில் தேவைப்பட்டனர். இரவு பகலாகக் கோபால் கற்பித்தன பயிற்சி மையங்கள். புத்தாண்டு பிறந்ததும் அத்தேவை சுருங்கிவிட்டது. இரண்டாவது, வலை நிறுவனங்களின் வீழ்ச்சி. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சத்தைத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் தன் மதிப்பில் முக்கால் பங்கிற்கும் மேல் இழந்தது. வலைத்தளம் அமைக்கக் கற்ற முதல் தலைமுறை, படிப்பை முடித்த கையோடு இவ்வீழ்ச்சியைச் சந்தித்தது.

ஆனால் அத்தொழில் அழிந்துவிடவில்லை. விழுந்தவை பங்குகளே, வலை வளர்ந்துகொண்டேயிருந்தது. வங்கியும் இரயில்வேயும் அரசு அலுவலகமும் வலைக்கு வந்தன. கைப்பேசி வந்தபின் ஒரே பக்கம் சிறு திரைக்கும் பெருந்திரைக்கும் பொருந்துமாறு அமைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ‘வெப் மாஸ்டர்’ என்ற ஒருவரே அனைத்தையும் செய்தார். இன்றோ தோற்றத்தை வடிவமைப்பவர், முன்பக்கம் எழுதுபவர், பின்பக்கம் எழுதுபவர், இரண்டையும் ஒருங்கே செய்பவர், சோதித்துப் பார்ப்பவர், பாதுகாப்பைக் கவனிப்பவர், வழங்கிக் கணினிகளைப் பேணுபவர் எனப் பணி பல கூறாகப் பிரிந்துள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர் என்னும் ஓராண்டுப் பிரிவில் எச்.டி.எம்.எல்.லும் ஜாவாஸ்கிரிப்டும் கற்பிக்கப்படுகின்றன. பிட்டரும் டர்னரும் உருவான அதே வகை நிலையத்தில் இன்று வலைப்பக்கமும் உருவாகிறது.

சென்னையே இத்தொழிலுக்குச் சில சான்றுகளைத் தந்துள்ளது. 1996-இல் தொடங்கப்பட்டு இன்று ஜோஹோ எனப்படும் நிறுவனம், 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கல்லூரிப் பட்டம் கேட்காமல், கட்டணமும் வாங்காமல், உதவித்தொகை தந்து தொழில் கற்பித்தது. அங்குப் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தம் நண்பருடன் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இவை விதிவிலக்கான வெற்றிகள். எல்லாருக்கும் இது வாய்க்கும் என்று சொல்வது நேர்மையாகாது. பழகுநர் பயிற்சி என்ற பழைய முறை இப்புதிய தொழிலுக்கும் பொருந்தும் என்பதே இவற்றிலிருந்து நாம் பெறத்தக்க செய்தி.

நிலைத்தவையும் மறைந்தவையும்

கல்லூரியில் எதைக் கற்பது என்ற கேள்விக்கு வருவோம். 1996 முதல் ‘ஃபிளாஷ்’ என்ற கருவி வலையுலகை ஆண்டது. அசையும் படங்களும் விளையாட்டுகளும் அதில் உருவாயின. அதனைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குப் பெருங்கட்டணம் வாங்கப்பட்டது. அது ஒரே நிறுவனத்தின் உடைமை. அதன் உரிமையாளரான அடோபி, 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. கூகுளின் ‘ஆங்குலர் ஜே.எஸ்.’ 2010-இல் வெளிவந்து எண்ணற்ற விளம்பரங்களில் வேலைக்குரிய தகுதியாக இடம்பெற்றது. 2021 இறுதியோடு அதன் ஆதரவும் முடிந்தது. அதன் இடத்தில் வேறு கருவிகள் வந்துவிட்டன.

மறுபுறம் பாருங்கள். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் வலைத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே செர்ன் 2013-இல் மீண்டும் வைத்தது. அதனை இன்றைய கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம். முப்பது ஆண்டுகளில் கருவிகள் எத்தனையோ வந்து போயின. பொதுவுடைமையாக வழங்கப்பட்ட அந்த எழுத்துமுறை மட்டும் மாறாமல் பொருள் தருகிறது. ஒரு நிறுவனத்தின் உடைமையானது அந்நிறுவனத்தின் விருப்பத்தோடு மறையும். உலகம் பொதுவில் ஒப்புக்கொண்ட நெறிமுறை, நிறுவனங்களைக் கடந்தும் நிற்கும். லேத் பிடித்தவரின் கைத்திறன் நாற்பது ஆண்டு செல்லுபடியானதைப் போல, இப்புதிய தொழிலிலும் நாற்பது ஆண்டு செல்லுபடியாகக் கூடிய அறிவு உண்டு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் அடிப்படை, தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறை, கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் நெறி, பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை ஆகியவை அவ்வறிவைச் சேர்ந்தவை. மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு தரவேண்டியது இதனையே. குறிப்பிட்ட கருவியைப் பழக மூன்று திங்கள் போதும். அது மாறினால் மீண்டும் மூன்று திங்கள்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைப்பதற்கில்லை. லேத் காலத்தில் அறிவோடு வேலையும் நிலைத்தது. இன்று அறிவு நிலைத்தாலும் வேலை நிலைப்பதில்லை. அன்று நிறுவனம் இளைஞருக்குத் தொழில் கற்பித்தது. அந்தச் செலவையும் ஏற்றது. இன்று அச்செலவு பெரும்பாலும் பெற்றோரின் தலையில் விழுகிறது. கல்லூரிக் கட்டணம் செலுத்திய பின்னும், வெளியே ஒரு ‘கோர்ஸ்’ முடித்தால்தான் வேலை என்கின்றனர். நூற்றுக்கு நூறு வேலை உறுதி என்ற விளம்பரத்தைக் கண்டு நகையை அடகு வைக்கும் தாய், தொழில் கற்பிக்கும் பொறுப்பை நிறுவனத்திடமிருந்து தம் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். இதுவே நம்மை வருத்தும் மாற்றம்.

இயந்திரமும் எழுதும் வேளையில்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. கேட்டால் நிரல் எழுதித் தரும் இயந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்தது. எளிய வலைப்பக்கம் ஒன்றை இன்று அது நொடிகளில் எழுதிவிடுகிறது. 2025 சூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், தன் பணியாளருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப்போவதாக அறிவித்தது. படித்து முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகளின் இல்லங்களில் இச்செய்தி எத்தகைய கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இங்கும் அச்சுக்கூடத்தின் வரலாறு நமக்கு உதவுகிறது. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக் கோத்தவர்களின் தொழில், கணினி அச்சுக்கோப்பு வந்தபின் மறைந்தது. விரைந்து எடுத்துக் கோக்கும் விரல்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஆனால் ஒற்று மிகுமிடம் அறிந்த அறிவுக்கும், பக்கத்தை அழகுற அமைக்கும் கண்ணுக்கும் மதிப்புக் குறையவில்லை. அவ்வறிவைப் பெற்றிருந்தோர் கணினியின் முன் அமர்ந்து பணியைத் தொடர முடிந்தது. வலைத்தளத் தொழிலிலும் இதுவே நிகழும் என நாம் எண்ணுகிறோம். இயந்திரம் எழுதியது சரியா தவறா எனப் பார்த்துச் சொல்ல அடிப்படை அறிந்த ஒருவர் வேண்டும். பார்வையற்றோர் திரைவாசிப்பான் கொண்டு இப்பக்கத்தைக் கேட்க முடியுமா, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பாட்டிக்கு இப்படிவத்தின் தமிழ் புரியுமா என்று கேட்கும் மனமும் வேண்டும். அம்மனம் நம் பிள்ளைகளிடம் உண்டு. அதனை ஒரு தகுதியாக மதிக்கக் கற்றுத்தருவது நம் பொறுப்பு.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடல், மனிதன் உழைப்புக்காக அல்ல, உழைப்பே மனிதனுக்காக என்ற கருத்தை அழுத்தமாக எடுத்துரைத்தது. 2025 மே திங்களில் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தே அப்பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளையும் அப்போது குறிப்பிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று அவர் புனிதர் நிலைக்கு உயர்த்திய கார்லோ அகுதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து வலைத்தளம் அமைத்த சிறுவர். 2006-இல் பதினைந்து வயதில் மறைந்தவர். பல்கலைக்கழகத்திற்குரிய கணினி நூல்களைத் தாமே படித்து அக்கலையைக் கற்றவர் அவர். வேலைக்காக அன்று, பிறருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கற்றார். அந்நோக்கம் வேலைக்காகக் கற்போருக்கும் கைவிளக்காகும்.

நாம் செய்யத்தக்கவை

சேக்காட்டிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் பெற்றோர்க்குச் சில சொற்கள். கணினிப் படிப்பு வேண்டாம் என நாம் சொல்லவில்லை. அது நல்ல படிப்பு. ஆனால் சேர்க்கும் முன் கல்லூரியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாடத்திட்டத்தில் அடிப்படைகளுக்கு எவ்வளவு காலம் ஒதுக்கப்படுகிறது? ஆய்வகத்தில் மாணவர் தம் கையால் எதனை உருவாக்குகின்றனர்? கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில், என்ன ஊதியத்தில் இருக்கின்றனர்? மூன்றாம் கேள்விக்குச் சுவரொட்டியைக் காட்டுவோரிடம், முடித்த மாணவர் இருவரைக் காட்டுமாறு கேளுங்கள். ஒரே கருவியின் பெயரைச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக்குக் கடன் வாங்காதீர்கள். வலைத்தளம் அமைக்கும் அடிப்படைகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள்ளேயே திறன் பயிற்சிக்கு வழி செய்துள்ளது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் தந்தையரைத் தொழிலாளர் ஆக்கிய 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2014-இல் அது திருத்தப்பட்டபோது, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் பழகுநராகச் சேர வழி பிறந்தது. இதனை நிருவகிக்கும் தென்மண்டல வாரியம் நம் சென்னைத் தரமணியில்தான் இயங்குகிறது. பி.சி.ஏ. முடித்த பிள்ளை உதவித்தொகையோடு ஓராண்டு பயில அங்கு முயலலாம். இச்செய்தி நம் இல்லங்களை இன்னும் சென்றடையவில்லை. பங்கு அமைப்புகளும் இளைஞர் இயக்கமும் இதனைக் கொண்டு சேர்த்தல் வேண்டும். பேட்டையிலும் பட்டாபிராம் மாடிக் கட்டடத்திலும் அலுவலகம் வைத்திருப்போரிடம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பழகுநர் இடம் ஒதுக்குங்கள் எனக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

லேத் பட்டறையில் புதிதாய்ச் சேர்ந்த பையனின் அருகே மூத்த தொழிலாளி ஒருவர் நின்றார். இரும்பு வீணானால் அவர் பொறுத்துக்கொண்டார்; கை நடுங்கினால் பிடித்துக்கொண்டார். திரையின் முன் அமரும் நம் பிள்ளைகளின் அருகிலும் அப்படி ஒருவர் நிற்கச் செய்ய வேண்டும். அத்தொழிலில் முன்னரே சேர்ந்து நல்ல நிலையில் இருப்போர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்கள் அமர்ந்தால் போதும்; வேலை தேடும் பிள்ளைகள் தேடி வருவார்கள்.